பொதுமக்கள் மட்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பும் அம்மாவின் உடம்பும் எப்படி என்று கேட்கவே இந்தக் கடிதம் என்றால் அது பாதிதான் உண்மை. போனில் பேசலாம் என்றால் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருமுகிறார். அவருக்கும் சளி போல. அதனால் இனி கடிதம்தான்.

இங்கே ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுன்ட்டர் வேலை கிடைத்துவிட்டது. நம் ஊரில் பார்த்த அதே வேலை. பேட்டரி கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். நான் நாற்காலியை நகர்த்தினால் கீழே கடைக்காரர் குச்சியால் கூரையைத் தட்டுகிறார். அவரும் நானும் இன்னும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தானைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நீ முதல் பஸ்ஸில் போய்விட்டதால் பின்னால் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. நம் ஊரைப் பிடித்தவர்கள் அந்த ஒரு காலை மட்டும் சுடாமல் இருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டு நாலு பஸ்ஸை விட்டார்கள் அல்லவா? நாலின் நெற்றியிலும் ‘பொதுமக்கள் மட்டும்’ என்று துணி கட்டியிருந்தது. சீருடையில் இருப்பவர் ஏறக் கூடாது, அரசுப் பதவியில் இருப்பவர் ஏறக் கூடாது. உன் அத்தானுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். மருத்துவ விடுப்பில் இருந்தார். கட்டம் போட்ட சட்டையில், இரண்டாவது பஸ்ஸில், என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழே ஜனங்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவரை வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். “தோ வந்துடறேன், சீட்டைப் பார்த்துக்க” என்று இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், முழுச் சீருடையில் நிற்கிறார். வாயில் விசில். காவலர் குடியிருப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தானே, ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கூட்டம் வரிசையாக நிற்கிறது. அதற்குள் எங்கள் பஸ் கிளம்பிவிட்டது. நாலாவது பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு வந்தவரை ஆற்றுப் பாலத்துச் சாவடியில் இறக்கிவிட்டார்கள்.

டிராஃபிக் கான்ஸ்டபிள் என்பதற்காக ஊரே அவரை ‘விசில்’ என்று கூப்பிடும்போது எனக்குக் கோபம் வரும். இப்போது நானே அதைவிட மோசமாகக் கூப்பிடுகிறேன். யார் கேட்டது அந்தச் சீருடையை? வயிற்றில் தையல் ஆறாத மனுஷன் எதற்கு ஊரை வரிசையில் நிறுத்த வேண்டும்?

நீ நகரசபைத் தலைவர். பெரிய இடங்களில் உனக்குப் பழக்கம் உண்டு. விசாரித்துச் சொல். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

உன் நலம் விரும்பும்
அக்கா


பிப்ரவரி 12

என் அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டிவலிதான். தலைநகரத்தில் லிஃப்ட் இருக்கிற வீடு என்பதால் சமாளிக்கிறாள்.

நம் நகரசபைக்கு இங்கே தற்காலிக அலுவலகம் கொடுத்திருக்கிறார்கள். மேஜை வந்துவிட்டது, பெயர்ப்பலகை வந்துவிட்டது, ரப்பர் ஸ்டாம்ப்கூட வந்துவிட்டது. ஊர்தான் வரவில்லை. சிரிப்பாய் என்று தெரியும். ஆனால் யாராவது நம் ஊர்க் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே.

அத்தான் விஷயமாக நான் சும்மா இருக்கவில்லை. போன வாரம் வானொலியில் பேசினேன், கேட்டாயா? போலீஸ்காரர்களும் பொதுமக்கள்தான், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாங்களும் பொதுமக்கள்தான், எங்கள் மேல் கை வைப்பது நிராயுதபாணிகள் மேல் கை வைப்பது என்று அடித்துச் சொன்னேன். நிலையத்தில் எழுந்து கை கொடுத்தார்கள்.

அத்தான் சுபாவம் உனக்குத் தெரியாததா? கடமை என்றால் முன்னால் நிற்பார். அதை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அங்கே குளிர் அதிகம் என்றார்கள். ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். மருந்துக்கடையில் நிற்கிறவள் என்று உன் மாத்திரையை மறந்துவிடாதே.

பாசத்துடன்
தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

கம்பளி வந்தது, நல்ல கனம். ரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அம்மாவின் முட்டிக்கு ஒரு களிம்பு வைத்திருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

வானொலியில் நீ பேசியதைக் கேட்டேன். நீ சொன்னதை இப்போது எழுத்தில் கேட்கிறார்கள்.

கைதிகள் விஷயத்தைப் பேசித் தீர்க்கிற நிவாரண அமைப்பு ஒன்று இங்கே பழைய தபால் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கண்ணாடி போட்ட ஓர் அலுவலர் அம்மா. சொட்டு மருந்து விடுகிற மாதிரி அளந்து பேசுகிறார். பிடிபட்டவர்களை மறுபக்கத்தார் இரண்டாகப் பிரித்திருக்கிறார்களாம். பொதுமக்கள் என்றால் கேள்வி இல்லாமல் விடுவார்கள். படையைச் சேர்ந்தவர் என்றால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். டிராஃபிக் கான்ஸ்டபிளுக்குப் பதிலாக நம் அரசாங்கம் யாரைக் கொடுக்கும் என்று அவரையே கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

போலீஸ் எதில் சேர்த்தி என்று கேட்டேன். “அதுல ரெண்டு பக்கமும் அவங்கவங்க வசதிக்குத்தாம்மா பேசறாங்க” என்றார். மறுபக்கத்தாரை விடு. நம் ஆட்களைச் சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த காவல் நிலையத்தில் குண்டு வெடித்தபோது, பொதுமக்கள் பலி என்று செய்தி வாசித்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கான்ஸ்டபிள்கள். அடக்கம் செய்தபோது கொடி போர்த்தி, வானத்தைப் பார்த்துச் சுட்டு, வீரர்கள் என்றார்கள். அவர்களுடைய பெண்டாட்டிமார் என் கவுன்ட்டரில் நின்று சொன்னது இது: பொதுமக்களுக்கான நிவாரணம் கேட்டால் படையினருக்கு வேறு விதி என்கிறார்களாம். அந்த விதியைத் தேடிப் போனால் போலீஸ் எப்படிப் படையாகும் என்கிறார்களாம். செத்த அன்றைக்குப் பொதுமக்கள், புதைக்கிற அன்றைக்கு வீரர்கள், விண்ணப்பம் கொடுக்கிற அன்றைக்கு இரண்டும் இல்லை. இதைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்க வேண்டும்.

உன் அத்தான் கதை இவ்வளவு சிக்கல் இல்லை. அவர் விடுப்பில் இருந்தார், ஆயுதம் கிடையாது, ஜனங்களை பஸ் ஏற்றிவிட மட்டுமே சீருடை போட்டார். அன்று காலை அங்கே பொறுப்பில் இருந்த ஒருவர் இதைச் சொன்னால் பொதுமக்கள் பட்டியலுக்கு மாற்றிக் கேட்கலாம் என்கிறார் அலுவலர் அம்மா. பொறுப்பில் இருந்தவர் நீதானே? சின்னதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு, உன் புது ஸ்டாம்புக்கும் வேலை கிடைக்கும்.

இன்னொன்று. அவரைக் கூப்பிட்டது யார் என்று உனக்குத் தெரியுமா? ஆண் குரல். அந்தக் கூச்சலில் யார் என்று பிடிபடவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தொண்டை கட்டி ஒரு வாரம் படுத்திருந்தேன். களிம்பு வேலை செய்கிறது, அம்மா உன்னை வாழ்த்துகிறாள்.

நீ அனுப்பிய தாளை நம் கட்சி வக்கீலிடம் காட்டினேன். பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் இது ஆழமான சட்டக் கேள்வி என்கிறார். காவல்துறையினரும் மக்கள் பிரதிநிதிகளும் பொதுமக்களா என்பதை ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் நானும் உறுப்பினர். குழு அறிக்கை வருவதற்கு முன்னால் உறுப்பினரே ஒரு தனிப்பட்ட வழக்கில் கையெழுத்துப் போட்டால், குழு முடிவைச் சொந்தக் குடும்பத்துக்காக வளைத்துவிட்டான் என்பார்கள். அதனால் அத்தானுக்கே கெடுதல் வரலாம். பொறுமையாக இரு.

இன்னொரு சந்தோஷ செய்தி. சட்டசபைத் தேர்தலில் நம் தொகுதிக்கு என்னை நிறுத்துகிறார்கள். தொகுதி மறுபக்கத்தார் கையில் இருந்தாலும், வெளியேறி வந்த ஜனங்கள் இருக்கிற இடத்திலேயே ஓட்டுப் போடலாம். ‘கடைசி பஸ் கிளம்பும் வரை மக்களோடு நின்றவர்’ என்று சுவரொட்டி அடித்திருக்கிறார்கள். படம் கொஞ்சம் குண்டாக விழுந்துவிட்டது. நான் ஜெயித்தால் அத்தான் விஷயம் ஒரு போனில் முடியும்.

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

உன் தொண்டை சரியாகிவிட்டது என்று சுவரொட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள். உன் முகத்துக்குக் கீழேதான் நோயாளிகள் காத்திருக்கிறார்கள்.

நேற்று முதல் பஸ்ஸின் டிரைவர் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தார். என்னை அடையாளம் தெரிந்து அழுதார். “விசில் அண்ணன் மட்டும் அன்னைக்கி வரலைன்னா நெரிசல்லயே நாலு பேரு செத்திருப்பாங்கம்மா” என்றார். அவர் எப்படி வந்தார் என்று கேட்டேன். டிரைவர் உன் சுவரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

ஜனங்கள் நீ சொல்வதைக் கேட்கவில்லையாம். நீ பஸ் படியில் ஏறி நின்று கத்தினாயாம். “நீ எதுக்குப் போறே, தலைவரு நீ இங்கேயே இரு” என்று யாரோ உன் சட்டையைப் பிடித்தார்களாம். அப்போதுதான் நீ இரண்டாவது பஸ்ஸுக்கு வந்து அவரைக் கீழே கூப்பிட்டிருக்கிறாய். உன் வார்த்தைகளை டிரைவர் அப்படியே சொன்னார். “அத்தான், யூனிஃபார்மைப் போட்டுட்டு வாங்க. நான் சொன்னா ஒரு நாயும் கேக்க மாட்டேங்குது. பத்தே நிமிஷம், அப்புறம் மாத்திக்கலாம்.”

அவர் சீருடையில் வந்து உனக்கு வழி செய்து கொடுத்தார். நீ முதல் பஸ்ஸில் ஏறினாய். பெயர் எழுதிக்கொண்டவன் தொழில் கேட்டதற்கு ஜவுளி வியாபாரி என்றாய். பொய் இல்லை, கடை உன் பெயரில்தான் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் மாற்றிக்கொள்ள அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

பிப்ரவரியிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அதை நீ அறிவாய். அவர் சுபாவம் அப்படி என்று ஆறுதல் எழுதினாய்.

எந்த பஸ்ஸில் நீ போனாய் என்று ஊருக்குச் சொல்வது என் வேலை இல்லை. எனக்கு அவர் வேண்டும். தாளை மறுபடி எழுதியிருக்கிறேன். ‘என் வேண்டுகோளின்பேரில்’ என்ற சொல் மட்டும் கூடியிருக்கிறது. கையெழுத்துப் போடு.

அக்கா


மே 26

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். தலைவர் அவர்கள் தேர்தல் சுற்றுப்பயணத்தில் இருப்பதால், தங்களது கடிதம் தொடர்பாகப் பதிலளிக்குமாறு எனக்குப் பணித்துள்ளார்கள்.

தாங்கள் குறிப்பிட்டுள்ள நாளின் நிகழ்வுகள் குறித்துப் பல்வேறு நினைவுகள் நிலவுவதாலும், பொருள் குழுவின் ஆய்வில் உள்ளதாலும், இந்நிலையில் எழுத்துப்பூர்வமாக எதுவும் வழங்க இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் கணவரின் தியாகத்தை நகரசபை என்றும் மறவாது.

தாயார் நலமாக உள்ளார்கள் எனத் தெரிவிக்குமாறும் பணித்துள்ளார்கள்.

இப்படிக்கு
தலைவரின் செயலாளர்


ஜூன் 3

தலைவரின் செயலாளருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இந்த வேலையில் உடம்பு கெட்டுப்போகும்.

தியாகம் என்று எழுதியிருக்கிறீர்கள். செத்தவர்களுக்குத்தான் அந்தச் சொல்லை வழக்கமாக எழுதுவார்கள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். அடுத்த கடிதத்தில் திருத்திக்கொள்ளுங்கள்.

பெற்ற தாய் நலம் என்று சொல்வதற்கும் தலைவருக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டேன்.

தலைவரின் அக்கா


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

அலைச்சலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வெயிலில் வெறும் தலையோடு நின்று பேசாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கில் ரத்தம் வரும். அம்மாவுக்குக் களிம்பு தீர்ந்திருக்கும், இன்னொரு டப்பா அனுப்புகிறேன்.

போன கடிதத்தில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். கையெழுத்து விஷயத்தை விட்டுவிடு. இனி கேட்க மாட்டேன். உன் நிலைமை உனக்கு.

இங்கே உன் தேர்தல் பற்றித்தான் பேச்சு. வெளியேறி வந்த நம் ஊர் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், காதில் விழுகிறதைச் சொல்கிறேன். உனக்கு எதிராக நிற்கிற லாரி முதலாளி இருக்கிறாரே, அன்று காலை பஸ்களை ஏற்பாடு செய்ததும் ஜனங்களை வரிசையில் நிறுத்தியதும் அவருடைய ஆட்கள்தான் என்று பேசிக்கொண்டிருக்கிறார். தலைவர் அங்கே இருந்த மாதிரியே தெரியலையே என்று ஒரு கிழவர் என்னிடமே கேட்டார். நான் என்ன சொல்ல முடியும்? ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் தானாக வந்து எல்லாவற்றையும் செய்ததாகச் சிலர் சொல்கிறார்கள். உன் பெயர் எதிலுமே வரவில்லை. எனக்கே கஷ்டமாக இருந்தது. அதனால்தான் எழுதினேன்.

வெற்றி பெற வாழ்த்தும்
அக்கா


ஜூலை 4

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். கோபம் தீர்ந்து எழுதியது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? மூக்கில் ரத்தம் எல்லாம் இப்போது வருவதில்லை.

அந்த லாரிக்காரன் வாய்க்கு அளவே இல்லை. அவன் லாரியில் சிமென்ட் மூட்டையைத்தான் வரிசையாக அடுக்கத் தெரியும். நம் ஜனங்களைச் சொல்ல வேண்டும்! ஆடு மாடுகூட அப்படி முண்டாது. அவர்களை ஒழுங்குபடுத்தியது யார் என்பதைக்கூட மறந்துவிட்டார்கள். நேற்றே நிருபரைக் கூப்பிட்டு நேர்காணல் கொடுத்துவிட்டேன். இன்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறான். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டம் கட்டிய பகுதியைப் படி:

‘அன்று காலை முழுப் பொறுப்பும் என்னுடையது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போனபோது, மருத்துவ விடுப்பில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒரு போக்குவரத்துக் காவலரை நானே நேரில் அழைத்தேன். சீருடை அணிந்து வருமாறு நான்தான் சொன்னேன். அவர் கையில் ஒரு லத்திகூட இல்லை. ஒரு விசில் மட்டும். தானாக யாரும் வரவில்லை, தலைமை என்று ஒன்று இருந்தது.’

எப்படி இருக்கிறது? அந்தக் கிழவரிடம் காட்டு. ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடியுமா பார்.

அன்புத் தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டி தேவலை என்று அவளே யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தாள். நீயும் நலமாக இரு.

பத்திரிகையை அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை. தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். கையெழுத்து கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா என்று அலுவலர் அம்மாவிடம் ஜூனிலேயே கேட்டு வைத்திருந்தேன். பொறுப்பில் இருந்தவர் ஊரறியச் சொன்னதாக இருந்தால், அதுவும் பத்திரிகையில் வந்திருந்தால், கையெழுத்தைவிட நல்லது என்று சொல்லியிருந்தார். மறுபக்கத்தாரும் பத்திரிகை படிக்கிறவர்கள்.

கட்டம் கட்டிய பகுதியை அவர் இரண்டு தடவை படித்தார். “இவர் நம்ம பக்கம்தானே? அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னாரு?” என்று கேட்டார். கையெழுத்து என்றால் அவருக்குக் கை நடுங்கும், நிருபர் என்றால் நடுங்காது என்றேன்.

என் தாளில் இருந்ததைவிட நீ நன்றாகச் சொல்லியிருந்தாய். லத்திகூட இல்லை என்பதை நான் எழுத மறந்திருந்தேன். டிரைவர் சாட்சி சொன்னார். நம் ஊர் ஆஸ்பத்திரியில் தந்த ஆபரேஷன் சான்றையும் கொடுத்தேன். நேற்றுப் பதில் வந்தது. உன் அத்தானைப் பொதுமக்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

லாரி முதலாளி அப்படிப் பேசினாரா என்று நீ யாரிடமும் விசாரிக்கவில்லை போலிருக்கிறது. அவருக்கு உன்னைப் பற்றிப் பேச நேரமே இல்லை. நம் ஜனங்களுக்கு வாடகையில்லாமல் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைக் கேட்காமல் என் பேச்சை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தது நியாயமா? விடுப்பில் இருந்த காவலருக்கு உத்தரவிட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று மேலிடத்தில் என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். வேறு ஒருவர் அக்காவாக இருந்திருந்தால் நடப்பதே வேறு.

போகட்டும். நான் ஜெயித்துவிட்டேன். இப்போது சபை உறுப்பினர். அத்தான் விடுதலை என் பேச்சால் வந்தது என்பதை இங்கே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், மேலிடமும் சமாதானமாகிவிட்டது. பதினான்காம் தேதி பாலத்தில் ஒப்படைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானே வருகிறேன். மாலை போட்டு அத்தானை என் வண்டியில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோவதாக ஏற்பாடு. போட்டோகிராஃபர் இரண்டு பேர் வருகிறார்கள். அத்தானுக்கு நல்ல சட்டை ஒன்று எடுத்து வை, வெளிர் நிறமாக இருந்தால் படம் நன்றாக விழும்.

அம்மா நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

தம்பி
சபை உறுப்பினர்


செப்டம்பர் 16

தம்பிக்கு,

உன் அத்தான் வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்திருக்கிறது, ஊசி போடுகிறோம். தூங்குகிறார். நான் நாற்காலியை நகர்த்தாமல் இதை எழுதுகிறேன்.

உன் செயலாளரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தேன். ஒப்படைக்கிற இடத்துக்கு மறுபக்கத்தார் நிபந்தனை போட்டிருந்தார்கள், சீருடையும் கூடாது, பதவியில் இருப்பவரும் கூடாது. குடும்பத்தார் கயிற்றுக்குள்ளே, மற்ற பொதுமக்கள் கயிற்றுக்கு வெளியே. நீ வருவதானால் தம்பியாக நடந்து வா, கொடி கட்டிய வண்டியும் காவலும் வேண்டாம் என்றேன். தெரிவிக்கிறேன் என்றார்.

காலையில் நானும், சாட்சி சொன்னவர் என்பதால் பஸ் டிரைவரும் கயிற்றுக்குள்ளே நின்றோம். அப்போது சாலை முனையில் கொடியோடு உன் வண்டி வந்து நின்றது. உன் செயலாளர் இறங்கி அலுவலர் அம்மாவிடம் வாதாடினார். ஐயா மக்களின் பிரதிநிதி, அதனால் அவரும் பொதுமக்களில் ஒருவர்தான் என்றார். அந்த அம்மா மறுத்துப் பேசவில்லை. “அப்படின்னா வண்டியை விட்டு இறங்கி, கயித்துக்கு வெளியே நிக்கச் சொல்லுங்க. அவங்களும் பொதுமக்கள்தான்” என்று கூட்டத்தைக் காட்டினார். பெரும்பாலும் நம் ஊர் ஜனங்கள்தான் நின்றிருந்தார்கள், நீ ஆடு மாடு என்று எழுதினாயே, அவர்கள்தான். செயலாளர் வண்டிக்குப் போய் ஜன்னலில் குனிந்து பேசினார். கதவு திறக்கவில்லை.

இதற்குள் விடுதலையானவர்களை ஏற்றிக்கொண்டு சிறைப் பக்கத்திலிருந்து ஒரு பழைய பஸ் பாலத்தைத் தாண்டி வந்தது. திரும்ப இடம் போதாமல் நின்றுவிட்டது. வழியை அடைத்தது உன் வண்டிதான். பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடிக்கிறது. ஜனங்கள் கயிற்றைத் தள்ளுகிறார்கள். உன் அத்தான் பஸ்ஸிலிருந்து இறங்கினார். யாரோ கொடுத்த பெரிய சட்டை, காலில் செருப்பு இல்லை. நான் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் நேரே என்னிடம் வரவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் போய் நின்று, இன்னொரு கையைத் தூக்கினார். ஜனங்களைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார், நின்றார்கள். ஆம்புலன்ஸை ஓரம் கட்டச் சொன்னார், ஒதுங்கியது. பிறகு உன் வண்டிக்கு முன்னால் போய்ப் பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி, “ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு, ஒடிச்சு எடு” என்றார்.

உன் டிரைவர் எடுத்தான். கொடியோடு, மாலையோடு, பின்னால் வந்த போட்டோகிராஃபர்களோடு, முனை வரைக்கும் ரிவர்ஸிலேயே போனீர்கள். பஸ் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார்.

“யாரு வண்டி அது, நடு ரோட்டுல?” என்று கேட்டார்.

யாரோ ஒரு சபை உறுப்பினர் என்றேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள். அவளை இங்கே அனுப்புவதானால் சொல், நம் பஸ் டிரைவர் வந்து கூட்டிக்கொண்டு வருவார்.

அக்கா